பேவர் கல் பதித்த கார் பாதையை வீட்டிலேயே எப்படிச் சுத்தம் செய்வது?

பாசி, எண்ணெய்க் கறை, இடுக்கில் புல் எல்லாம் இருக்கிறது, பிரஷர் வாஷர் வாங்கலாமா, ஆசிட் ஊற்றினாலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிட் வேண்டவே வேண்டாம். அது கறையோடு சேர்த்து கல்லில் இருக்கும் சிமெண்டையும் தின்னும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது இன்னும் ஆபத்து. பிரஷர் வாஷர் பரவாயில்லை. ஆனால் கழுவுவதைவிடப் பெரிய வேலை, கழுவிய பிறகு இடுக்கில் மணல் நிரப்புவது. பலர் அதைச் செய்வதே இல்லை. கொஞ்ச நாளில் கல் ஆடத் தொடங்கியதும் பதித்தவரைத் திட்டுவார்கள்.

பேவர் கற்களைச் சிமெண்ட் பூசி ஒட்டுவதில்லை. அடியில் மணல் படுகை, ஓரங்களில் கட்டுக்கல், நடுவில் இடுக்கு மணல், அவ்வளவுதான். சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறும்போது அந்தப் பாரத்தைப் பக்கத்துக் கற்களுக்கும் கடத்துவது இந்த இடுக்கு மணல்தான். அது போய்விட்டால் பாரம் முழுக்க அந்த ஒரே கல்லின் தலையில். விளிம்புகள் உரசி உடையும், தண்ணீர் இறங்கி அடிமணலை அரிக்கும், சக்கரம் போகும் தடத்தில் பள்ளம் விழும்.

முதலில் களை. தரை ஈரமாக இருக்கும்போது பழைய கத்தியால் நெம்பினால் வேரோடு வந்துவிடும். பெரும்பாலும் இது கீழிருந்து முளைப்பதில்லை, காற்றில் வந்த விதை இடுக்குத் தூசியில் முளைப்பது. அதனால் அடிக்கடி பெருக்கினாலே பாதி குறையும். உப்புக் கொட்டும் யோசனையை விட்டுவிடுங்கள், கல்லுக்கும் கெடுதல், பக்கத்துச் செடிக்கும் கெடுதல்.

பாசிக்கு விறைப்பான நைலான் பிரஷ். கம்பி பிரஷ் என்றால் உடைந்த கம்பி இடுக்கில் தங்கித் துருக்கறை ஆகும். எண்ணெய் புதிதாகச் சிந்தியிருந்தால் தேய்க்காமல் மரத்தூளைக் கொட்டி ஊறவிட்டு அள்ளுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும். பழைய கறை மங்கும், முழுசாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதுக் கல்லில் வெள்ளையாகப் பூப்பது அழுக்கு இல்லை. சிமெண்டின் சுண்ணாம்பு மேலே வந்து காற்றோடு சேர்ந்து படிவது. உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டுப் பொறுத்திருங்கள், பெரும்பாலும் தானே அடங்கும்.

பிரஷர் வாஷரில் விசிறி போல் பரவும் நாசில் போட்டு, ஓர் அடி தள்ளி, சாய்வாகப் பிடியுங்கள். ஊசி போல் பாயும் நாசில் கல்லின் மேல்தோலையே உரித்து உள்ளிருக்கும் ஜல்லியைக் காட்டிவிடும்.

அப்புறம் மணல். கல்லும் இடுக்கும் நன்றாகக் காயட்டும். சலித்த, உலர்ந்த, பொடி மணலைத் தூவி, துடைப்பத்தால் மூலைவாட்டில் தள்ளுங்கள். நேராகத் தள்ளினால் இறங்கிய மணலையே திரும்ப வாரிக்கொண்டு வரும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் மணல் கீழே உட்காரும், மறுபடி தூவுங்கள். கல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நின்றால் சரி. தண்ணீர் பட்டால் இறுகும் பாலிமர் மணல் வாங்கினால், நனைப்பதற்கு முன் கல் மேல் இருக்கும் தூளை ஒன்றுவிடாமல் ஊதித் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

சீலர், அதாவது கல்லின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு, அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணெய் ஒழுகும் பழைய வண்டி நிற்கும் இடமானால் மட்டும் யோசிக்கலாம், அதுவும் வெள்ளைப் பூப்பது முழுக்க நின்ற பிறகு.