தீட்சை கேளாமல் பஞ்சாட்சரம் சொல்லலாமா? நமசிவாயவா, சிவாயநமவா?

தாராளமாகச் சொல்லலாம். பஞ்சாட்சரம் சிவனின் ஐந்தெழுத்து மந்திரம்; தீட்சை என்பது அதைக் குருவிடம் முறைப்படி உபதேசமாகப் பெறுவது. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் உங்களை, "தீட்சை கேளாமல் மந்திரத்தைத் தொடாதே" என்று வீட்டில் பெரியவர் ஒருவர் தடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. மாலை உருட்டி, எண்ணிக்கை வைத்து, அனுட்டானத்தோடு (அன்றாட வழிபாட்டு விதிகளோடு) செய்யும் செபத்துக்குச் சமய தீட்சை வேண்டும் என்பதுதான் ஆறுமுக நாவலர் வழி வந்த நம் சைவர்களின் நடைமுறை. ஆனால் பாடுவதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. சம்பந்தரின் 'காதலாகிக் கசிந்து', அப்பரின் 'சொற்றுணை வேதியன்' இரண்டும் நமச்சிவாயப் பதிகங்கள்தானே. திருவாசகத்தில் வரும் சிவபுராணத்தின் முதல் சொல்லும் அதுதான். (இங்கே பல பிள்ளைகள் சிவபுராணத்தைச் செத்த வீட்டில்தான் முதலில் கேட்கிறார்கள். வீட்டில் பாடினால் முழிக்கிறார்கள்!)

சரி, 'நம' முதலிலா, 'சிவ' முதலிலா? சைவ சித்தாந்தப்படி சி சிவன், வா அருள், ய உயிர், ந மறைக்கும் சக்தி, ம ஆணவ மலம் (உயிரைப் பிடித்த அழுக்கு). 'சிவாயநம' என்று எழுதிப் பாருங்கள், நடுவில் 'ய' நிற்கும். அதற்கு ஒரு பக்கம் சிவனும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும். உயிர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் விஷயம். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயன் நூலில் ஐந்தெழுத்துக்கென்றே ஓர் அதிகாரம் வைத்து, பிறவி தீர வேண்டுமானால் 'சி'யை முதலாக வைத்து ஓதச் சொல்கிறார். 'நமசிவாய' தூலம் (பருமையானது), 'சிவாயநம' சூக்குமம் (நுண்மையானது) என்பார்கள். அதற்காக முன்னதைத் தாழ்த்திப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. வேதத்தில் வரும் ஸ்ரீருத்ரத்தின் நடுவில் இருப்பது 'நமசிவாய'தான். நீங்கள் அதிலேயே தொடங்குங்கள்.

குளித்து, திருநீறு பூசி, கிழக்கோ வடக்கோ பார்த்து இருந்தால் போதும். வாய்விட்டும் சொல்லலாம், உதடு மட்டும் அசையவும் சொல்லலாம். மனதுக்குள் சொல்லும் மானசமே உயர்ந்தது. ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு வசதியும் கூட. ஓய்வு நாளில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலுக்குப் போய் இருந்து பாருங்கள். 1907 முதல் 1912 வரை பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டிய கோவில். எனக்கு அங்கே மனம் சீக்கிரம் அடங்கும்.

அப்புறம் தீட்சை எடுக்க விருப்பம் வந்தால் உங்கள் கோவில் குருக்களிடம் கேளுங்கள். மச்சத்தை (மீன், இறைச்சியை) விட வேண்டியிருக்கும், அதை வீட்டில் சமைப்பவரிடம் முதலே சொல்லி வைப்பது நல்லது.