பகுதிநேர சமூகப்பணி முதுகலை: களப்பணிக்கு விடுப்பு கிடைக்காதபோது

வணக்கம். முதியோர் இல்லத்தில் முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே சமூகப்பணி முதுகலையைப் பகுதிநேரமாகப் படிப்பதாகவும், அதன் அங்கமான களப்பணிக்கு (மேற்பார்வையின்கீழ் செய்யும் நேரடிப் பயிற்சிக்கு) நிர்வாகம் விடுப்புத் தர மறுப்பதால் படிப்பை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவுக்கு இப்போதே போக வேண்டாம்.

பகுதிநேரப் படிப்பில் பாடங்கள் கூடுதல் ஆண்டுகளுக்குப் பரவுமே தவிர, களப்பணி மணிநேரம் குறையாது. அமெரிக்காவின் சமூகப்பணிக் கல்வி மன்றம் முதுகலைக்கு விதித்துள்ள குறைந்தபட்ச 900 மணிநேரம் முழுநேர மாணவருக்கும் பகுதிநேர மாணவருக்கும் பொதுவானது. வாரத்துக்கு 15 மணிநேரம் ஒதுக்கினாலும் 60 வாரங்கள் ஆகும். (சேர்க்கையின்போதே இதை எடுத்துச் சொல்லும் துறைகள் பெருகினால் நல்லது.)

பணியிடத்திலேயே களப்பணி செய்ய அனுமதி உண்டா என்று களப்பணி ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அதே மன்றத்தின் 2022ஆம் ஆண்டு விதிகள், அன்றாட அலுவல் சமூகப்பணித் திறன்களோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருந்தால் அதையும் கணக்கில் கொள்ள இடமளிக்கின்றன. மற்ற இடங்களில் துறைக்குத் துறை நடைமுறை மாறும். பணிநேர அட்டவணை போடுவதும் மருந்து இருப்பைச் சரிபார்ப்பதும் இதில் சேரா. புதிதாக வந்த முதியவரின் குடும்பச் சூழலை மதிப்பிடுவது, பிள்ளைகளுக்கிடையே பராமரிப்புச் செலவு குறித்து எழும் பிணக்கில் பேசித் தீர்வு காண உதவுவது போன்றவற்றை உங்கள் விண்ணப்பத்தில் குறிப்பிடலாம். பணி மேற்பார்வையும் களப்பணி மேற்பார்வையும் தனித்தனி நேரத்தில் நடக்கும் என்பதையும் அதில் தெளிவாக எழுதுங்கள்.

மாலையிலும் வார இறுதியிலும் மட்டும் முடித்துவிடும் யோசனையை நான் அவ்வளவாக ஆதரிக்க மாட்டேன். அந்த வேளைகளில் மேற்பார்வையாளர் பெரும்பாலும் இருக்க மாட்டார். நிர்வாகத்திடம் முழு விடுப்புக்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள் பணிமாற்றம் கேட்டுப் பாருங்கள்.