அலுமினா கறுத்ததற்கு பிளாஸ்மாவைத் திட்டாதீர்கள்

"ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங்கில் போட்ட அலுமினா வெள்ளையாக வராமல் கறுப்பாக வருகிறது. பிளாஸ்மா பொடியைக் கருக்கிவிடுகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஆய்வில் இரண்டாம் வருடம், கைடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அடுத்த வாரம் கமிட்டி. என் ஊகம் தப்பென்றால் மன்னிக்கவும். ஏழு வருடத்துக்கு முன்னால் நான் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் என்பது பொடியை கிராஃபைட் அச்சில் அழுத்திக்கொண்டே மின்சாரத்தால் சூடேற்றிக் கெட்டியாக்குவது; இங்கே அந்தப் பொடி அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு. முதலில் பிளாஸ்மாவை மறந்துவிடுங்கள், அது பெயரில் மட்டும்தான். 1960களில் ஜப்பானில் இனோவே கியோஷி இந்த முறைக்கு முன்னோடியான கருவிகளுக்குக் காப்புரிமை எடுத்த காலத்திலிருந்தே, துகள்களுக்கு நடுவே பொறி பறந்து பிளாஸ்மா உண்டாகிறது என்ற பேச்சு இருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்காரர்கள் நிறமாலை எடுத்தும் மின்னழுத்தத்தை அளந்தும் தேடிப் பார்த்துவிட்டு, பிளாஸ்மா எதுவும் இல்லை என்று 2008 இல் எழுதினார்கள். அலுமினாவுக்கு அந்தச் சண்டைகூடத் தேவையில்லை. அதன் வழியாக மின்சாரம் போகாது. ஆயிரக்கணக்கான ஆம்பியர் முழுக்க கிராஃபைட் டை (அச்சு), பஞ்ச் (அழுத்தும் தண்டு) வழியாகவே ஓடுகிறது. அடுப்பும் பாத்திரமும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரமோ கரி.

கறுப்பு அங்கிருந்துதான் வருகிறது. வெற்றிடத்தில், சுற்றிலும் கிராஃபைட், பொடியை ஒட்டி கிராஃபைட் ஃபாயில். கார்பனும் கார்பன் மோனாக்சைடும் துளைகள் வழியாக உள்ளே நுழைகின்றன. வேகமாகச் சூடேற்றினால் அவை வெளியேறுவதற்குள் துளைகள் மூடிக்கொள்கின்றன.

இதை நான் தெரிந்துகொண்ட விதம்தான் கேவலம். எங்களுக்குக் கருவி மாதம் இரண்டு நாள்தான் கிடைக்கும். 20 மி.மீ. டை, 50 மெகாபாஸ்கல் அழுத்தம், நிமிடத்துக்கு 100 டிகிரி ஏற்றம், 1300 டிகிரியில் ஐந்து நிமிடம். சாதாரண உலையில் 1500க்கு மேல் மணிக்கணக்கில் வைக்க வேண்டியது அரை மணி நேரத்தில் முடிந்தது. டையைத் தட்டிச் சாம்பிளை வெளியே எடுத்தேன், கன்னங்கரேல். ஃபாயில் ஒட்டியிருக்கிறது என்று எமரித் தாளில் மணிக்கட்டு வலிக்கத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளேயும் கறுப்பு.

கைடு பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "ஜாரைக் கழுவினாயா?" பொடி அரைக்கும் அந்த ஜாரில் எனக்கு முன்னால் யாரோ சிலிக்கன் கார்பைடு என்ற கறுப்புப் பொடியை அரைத்திருந்தார்கள், பழி என் தலையில். பொருளை அடையாளம் காட்டும் எக்ஸ்-ரே சோதனையில் அலுமினா மட்டும்தான் தெரிந்தது. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.95 கிராம், துளையே இல்லாத முழு அடர்த்தியே 3.98தான். அதாவது 99 சதவீதத்துக்கு மேல்! அதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொஞ்சூண்டு கார்பன் எக்ஸ்-ரேயில் தெரியாது என்பதால் என்னால் வாதாடவும் முடியவில்லை. இரண்டு மாதம் ஜார் கழுவினேன்.

கடைசியில் கருவியை ஓட்டும் அண்ணன்தான் ஒரு துண்டை உடைத்து வாங்கினார். "தம்பி, இதைச் சும்மா காத்துல ஆயிரம் டிகிரியில வைச்சுப் பாருங்க" என்றார். மறுநாள் எடுத்தால் ஓரம் வெளுத்திருந்தது, நடுவில் சாம்பல் நிறம். "நீங்க ஏத்துற வேகத்துக்கு அது எப்படி வெளியே வரும்? மெதுவா போங்க." நிமிடத்துக்கு 10 டிகிரி, 80 மெகாபாஸ்கல், 1200 டிகிரி என்று போனோம். அடுத்து வரிசையில் நின்றவர் முறைத்தார். மெல்லிசாக மெருகேற்றி ஒரு தாள்மேல் வைத்தபோது அடியில் இருந்த எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஜப்பானில் சுகுபாவில் இருக்கும் ஒரு குழு நிமிடத்துக்கு 8 டிகிரியில் ஏற்றி ஒளி ஊடுருவும் அலுமினாவை 2007 லேயே செய்து காட்டியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். வேகத்துக்காகவே வாங்கிய கருவியை மாட்டுவண்டி மாதிரி ஓட்ட வேண்டியிருந்தது.

உடனே ஒருவர் வந்து, "ஆக்சிஜன் குறைபாட்டாலும் நிறம் மாறுமே, கார்பனை மட்டும் சொல்கிறாயே" என்பார். மாறும், தெரியும். காற்றில் சூடாக்கும்போது அதுவும் சரியாகும், அதனால் அந்த ஒரு சோதனையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ராமன் நிறமாலை (லேசர் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் சோதனை) எடுத்தால் கார்பன் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நான் எல்லா ஆக்சைடுக்கும் சேர்த்துப் பேசவில்லை. மக்னீசியம் அலுமினேட் ஸ்பைனல் என்ற இன்னொரு ஆக்சைடைக் காற்றில் சூடாக்கப்போய், உள்ளே சிக்கிய வாயு உப்பித் துளைவிட்டதும் உண்டு.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். அந்த முடிவைக் கட்டுரையாக்கியபோது அண்ணன் பெயரை மூன்றாவதாகப் போட்டிருந்தேன். திரும்பி வந்த வரைவில் அது இல்லை. "ஆபரேட்டருக்கெல்லாம் போட ஆரம்பித்தால்..." என்று வாக்கியத்தை முடிக்காமலே விட்டார்கள். நன்றியுரையிலாவது இருக்கட்டும் என்றேன், அங்கே நிதி கொடுத்தவர்களுக்கே இடம் போதவில்லையாம். கருவியின் மாடல் எண் கட்டுரையில் இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக ஒப்பந்தச் சம்பளத்தில் அதை ஓட்டும் ஆளின் பெயர் இல்லை. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் எனக்கு வேலை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, உங்கள் விஷயம். எந்த வேகத்தில் ஏற்றினீர்கள், பொடியின் துகள் அளவு என்ன, வெப்பநிலையை எங்கே அளந்தீர்கள் என்று கேள்வியில் சேருங்கள். தொடாமலே வெப்பம் அளக்கும் பைரோமீட்டர் பெரும்பாலும் டையின் சுவரைத்தான் பார்க்கிறது, பொடியை அல்ல. நீங்கள் 1300 என்று எழுதினால் அது சுவரின் கணக்கு. சாம்பிளைக் குறுக்கே வெட்டி, ஓரமும் நடுவும் ஒரே கறுப்பா என்று பார்த்து ஒரு படமும் போடுங்கள். கைடிடம் ஜார் கழுவியதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.