கேள்வி பதில்: நடுவழியில் நிற்கும் காருக்கு எந்த ஜாக்கி?

கேள்வி: என்னிடம் இருப்பது ஸ்விஃப்ட். திண்டுக்கல்லில் இருந்து பழனி, உடுமலை வழியாக மாமியாரைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி கோவை போய் வருவேன், ஓட்டுவது நான்தான். போன மாதம் வழியில் பஞ்சர். டிக்கியில் இருந்த ஜாக்கி துருப்பிடித்து இறுகிப்போய்ச் சுற்றவே வரவில்லை, ஒரு லாரி டிரைவர் நிறுத்தி உதவினார். உதிரிபாகக் கடையில் கேட்டால், 3 டன் பாட்டில் ஜாக்கிதான் உறுதியானது, அதையே வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கலாமா? பெண்கள் தனியாகப் போட முடியுமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்க வேண்டாம். ஆயில் அழுத்தத்தில் நேராக எழும்பும் பாட்டில் ஜாக்கி மோசமான பொருள் இல்லை, உங்கள் வண்டிக்குச் சேராது, அவ்வளவுதான். ஸ்விஃப்ட்டின் மொத்த எடையே ஏறத்தாழ 900 கிலோ. ஜாக்கி அதில் ஒரு மூலையை மட்டும்தான் தூக்குகிறது என்பதால் நல்லதாக ஒரு 1 டன் ஜாக்கியே போதும், மனசு கேட்கவில்லை என்றால் ஒன்றரை டன் வாங்கிக்கொள்ளுங்கள். 3 டன் எதற்கு?

கடையில் எல்லோரும் டன்னைக் கேட்கிறார்கள், உயரத்தைக் கேட்பவர் குறைவு. ஆனால் சாலையோரத்தில் மானத்தை வாங்குவது உயரம்தான். உங்கள் டயர் 185/65 ஆர்15 என்றால் பக்கச்சுவரின் உயரம் 120 மில்லிமீட்டர் (அகலம் 185 மில்லிமீட்டர், அதில் 65 சதவீதம்). காற்று முழுக்க இறங்கினால் அந்த மூலை மூன்று அங்குலம் போலத் தாழ்ந்துவிடும். பாட்டில் ஜாக்கியோ முழுக்க இறக்கி வைத்தாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நிற்கும், தாழ்ந்த காருக்கு அடியில் நுழையாமலே போகலாம். திருகைச் சுற்றினால் கத்திரி போல மடங்கி விரியும் கத்திரி ஜாக்கி பத்து சென்டிமீட்டர் அளவுக்குப் படிந்துவிடும். கடைக்குப் போகும் முன் கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்தில் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, மூன்று அங்குலத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் ஜாக்கியின் குறைந்தபட்ச உயரம் அதற்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது ஜாக்கியின் தலை. ஸ்விஃப்ட் மாதிரி கார்களில் கதவுக்கு அடியில் தகடுகளைச் சேர்த்து வெல்டிங் வைத்த மெல்லிய விளிம்பு ஓடும். முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் அந்த விளிம்பில் இரண்டிரண்டு சிறிய வெட்டுகள் இருக்கும், அந்த ஜோடி வெட்டுகளுக்கு நடுவில்தான் ஜாக்கியை வைக்க வேண்டும். கத்திரி ஜாக்கியின் தலையில் இருக்கும் பள்ளத்தில் விளிம்பு உட்கார்ந்துகொள்ளும். பாட்டில் ஜாக்கியின் தலை சின்ன வட்டம், அதில் ஏற்றினால் விளிம்பு மடங்கும், இல்லையென்றால் நழுவும். பொலேரோ மாதிரி அடியில் தனியாக சேசிஸ் என்ற இரும்புச் சட்டம் வைத்த வண்டிக்காரர்களுக்கு பாட்டில் ஜாக்கியை நானே சிபாரிசு செய்வேன். அதுவும் டிக்கியில் படுத்தபடி உருண்டுகொண்டே இருந்தால் சில மாதங்களில் ஆயில் கசியும், அது வேறு தலைவலி.

சரி, எதை வாங்குவது? மாருதி உதிரிபாகக் கவுன்டரில் உங்கள் மாடலுக்கு உரிய கத்திரி ஜாக்கியையே கேளுங்கள். கடையிலேயே முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கிப் பாருங்கள். திருகு கோணலாக ஓடினாலோ, அடித்தகடு கையால் வளைகிற மாதிரி மெல்லிசாக இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்கியதும் திருகு மரைக்கு கிரீஸ் தடவி ஒரு பழைய துணியில் சுற்றி வையுங்கள், மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை எடுத்துச் சுற்றிப் பார்த்தால் போதும், போன மாதக் கதை திரும்பாது.

பெண்களால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கியைச் சுற்றப் பெரிய பலம் வேண்டாம். உயிரை வாங்குவது நட்டுதான், பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கி விட்டுவிடுகிறார்கள், வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனரால் ஆண்களுக்கே அசையாது. ஜாக்கியில் மிச்சம் பிடித்த காசில் நீளமான கைப்பிடி வைத்த வீல் ஸ்பேனரோ பிளஸ் ஸ்பேனரோ வாங்குங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும், தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் வண்டியே ஆடும்.

ஒரு அடிச் சதுரத்தில் தடித்த பலகை ஒன்று டிக்கியில் கிடக்கட்டும், தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் ஜாக்கி புதையாமல் இருக்க. ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, தூக்கும் சக்கரத்துக்கு எதிர் மூலைச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மாமியாரை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி உட்கார வைத்துவிடுங்கள். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை செய்தால், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். என்ன ஆனாலும் உடம்பை உள்ளே விட வேண்டாம். வளைவிலோ பாலத்திலோ நின்றுவிட்டால் சக்கரம் மாற்றவே முயலாதீர்கள், தேசிய நெடுஞ்சாலை என்றால் அதன் உதவி எண் 1033-க்கு அழையுங்கள்.

கேள்வி: அப்பாவின் மாருதி 800 ஜாக்கி வீட்டில் சும்மா இருக்கிறது. புதிதாக வாங்கிய எர்டிகாவில் அதையும் கூடுதலாகப் போட்டு வைக்கலாமா? இல்லை, 12 வோல்ட் எலக்ட்ரிக் ஜாக்கி வாங்கலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழையதை அப்பா ஞாபகமாக வீட்டிலேயே வையுங்கள். 800-ன் எடை ஏறத்தாழ 650 கிலோ, 12 அங்குலச் சக்கரம். எர்டிகா ஒரு டன்னுக்கு மேல், 15 அங்குலச் சக்கரம். பாரம் ஒருபுறம் இருக்க, அந்த ஜாக்கி முழுக்க ஏறினாலும் எர்டிகாவின் சக்கரம் தரையை விட்டு எழும்புமா என்பதே சந்தேகம், உடனே யாராவது அடியில் செங்கல் வைக்கச் சொல்வார்கள். செங்கல் உடையும், வைக்காதீர்கள். எலக்ட்ரிக் ஜாக்கி முதுகுவலிக்காரர்களுக்கு நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஃபியூஸ் போனாலோ பேட்டரி படுத்தாலோ அது வெறும் பாரம், கையால் சுற்றும் வழியும் இருக்கிற மாடலாகப் பாருங்கள்.

கேள்வி: என் புதுக் காரில் ஸ்டெப்னியே இல்லை. ஜாக்கி வாங்க வேண்டுமா?
வாசகர், நாகர்கோவில்

பதில்: மாட்டச் சக்கரம் இல்லாதபோது தூக்கி என்ன செய்யப் போகிறீர்கள்? டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் விதி மாறியது, உங்கள் கார் அந்த ரகம். அந்தக் கிட்டில் உள்ள திரவம் ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும், பக்கச்சுவர் கிழிந்தால் அடைக்காது, அப்போது இழுவை வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். திரவப் பாட்டிலில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.