மணலுக்குள் போன மஞ்சள் ராஸ்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே மாந்தோப்பும் பட்டுப்புழு வளர்ப்பு மனையும் வைத்திருக்கிறேன். மகளின் ஆசைக்காக வீட்டுக் கூடத்தில் 250 லிட்டர் கடல்மீன் தொட்டி அமைத்து நான்கு மாதம் ஆகிறது. முதலில் வாங்கிய ஆறுகோட்டு ராஸ் (wrasse) மீன் நன்றாக இருக்கிறது. சென்ற வாரம் சென்னையிலிருந்து ஒரு மஞ்சள் ராஸும் ஒரு ஃபேரி ராஸும் கொண்டுவந்தோம். மஞ்சள் மீன் அன்றிரவே காணாமல் போய்விட்டது. ஃபேரி ராஸ் மூன்றாம் நாள் காலையில் தரையில் செத்துக் கிடந்தது. கடைத் தீவனத்துடன் பட்டுக் கூட்டுப்புழுத் தூளும் போடுகிறேன். தவறு எங்கே? மணலைக் கிளறித் தேடலாமா?

பதில்: மணலைக் கிளறாதீர்கள். உங்கள் மஞ்சள் மீன் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. புதிய இடத்துக்கு வந்த மஞ்சள் ராஸ் தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்து சில நாள்கள், சில நேரம் ஒரு வாரம்கூட, வெளியே வராமல் இருப்பது அதன் இயல்பு. நீங்கள் விரலை விட்டுத் துழாவினால் பயந்து இன்னும் ஆழம் போகும். கரடுமுரடான மணலாக இருந்தால் உடம்பில் கீறல் விழும். அதில் கிருமி தொற்றும். செத்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அம்மோனியாவைச் சோதித்துப் பாருங்கள். அளவு ஏறியிருந்தாலோ, நத்தைகள் ஒரே இடத்தில் மொய்த்துக்கொண்டிருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

மூன்று மீனுக்கும் ராஸ் என்று ஒரே பெயர் இருப்பதால் மூன்றையும் ஒரே மாதிரி நடத்தியிருக்கிறீர்கள். இந்தக் குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. வாங்கும் முன் ஒவ்வொன்றும் இரவில் எங்கே, எப்படித் தூங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை வராது.

மஞ்சள் ராஸ் மணலில் புதைந்து தூங்கும். அதற்கு நைசான மணல் 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்கு வேண்டும். உங்கள் தொட்டியில் அவ்வளவு இல்லையென்றால் தொட்டியைக் கலைக்க வேண்டியதில்லை. ஓர் அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் கடல்மீன் தொட்டிக்கான மணலை நிரப்பி மூலையில் வைத்துவிடுங்கள். அதுவே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆற்றுமணல் வேண்டாம்.

ஆறுகோட்டு ராஸ் பாறை இடுக்கில், தானே சுரக்கும் சளிக் கூட்டுக்குள் தூங்கும். காலையில் பாறையோரம் மெல்லிய படலம் ஒன்று தொங்குவதைப் பார்த்தால் நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். அது இரவுப் போர்வை.

ஃபேரி ராஸும் பாறை இடுக்கில்தான் படுக்கும். ஆனால் மிரண்டால் ஒரே தாவில் வெளியே போய்விடும். தொட்டிக்கு மேல் வலை இல்லாமல் ராஸ் வளர்க்கவே கூடாது. கண்ணாடி மூடி போட்டாலும் ஒயர் போகும் இடைவெளி வழியாகக் குதித்துவிடும். 6 மி.மீ. கண்ணுள்ள நைலான் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நான்கு மூலையும் அடைபடும்படி வையுங்கள்.

அந்த மீன் ஏன் மிரண்டது? ஆறுகோட்டு ராஸை முதலில் விட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பத்து செ.மீ.க்கு மேல் வளராத சிறிய மீன் அது. ஆனால் ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொண்டபின் அடுத்து வருகிறவரை விரட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சிவந்த கண் இரண்டையும் தனித்தனியே சுழற்றி, பாறைக்குப் பின்னாலிருந்து புதியவரை அளந்து பார்ப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். கடைசியாக விட வேண்டிய மீன் அது. இனி புது மீன் கொண்டுவந்தால் துளையிட்ட பெட்டிக்குள் வைத்துத் தொட்டிக்குள்ளேயே ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பார்த்துப் பழகியபின் திறந்துவிடலாம். அப்போதும் விரட்டினால் ஆறுகோட்டு ராஸைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் நல்லது.

இனி தீவனம். கூட்டுப்புழுத் தூளை இன்றே நிறுத்திவிடுங்கள். நம் பகுதியில் அது எளிதில் கிடைக்கிறது. கோழிக்கும் கெண்டைக்கும் நல்ல தீவனம் என்பதும் உண்மை. ஆனால் உலர்ந்த கூட்டுப்புழுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொழுப்பு. கடல் மீனுக்குத் தேவையான கடல்சார் ஒமேகா கொழுப்பு அதில் இல்லை. மீன் தன் உடம்புக்குள் அதைச் சரியாக உருவாக்கிக்கொள்ளவும் முடியாது. மிச்சமாகும் எண்ணெய் நீர்மேல் படலமாகப் படிந்து, உள்ளே மூச்சை அடைக்கும்.

தீவனம் போடும் முறையை நீங்கள் புழு மனையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இளம்புழுவுக்குத் தளிர் இலையைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல வேளை போடுகிறீர்கள் அல்லவா? சின்ன ராஸுக்கும் அதே கணக்குதான். பாறைமேல் நாள் முழுக்க சிறு உயிர்களைக் கொத்திக்கொண்டே திரியும் மீன் இது. வயிறு சிறியது, ஓட்டம் அதிகம். ஒரே வேளை நிறையப் போட்டால் பாதி அழுகும், மீன் மெலியும். நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்கள்.

உறைந்த மைசிஸ் என்னும் மிகச் சிறிய இறால்தான் முதன்மை உணவு. கட்டியைத் தொட்டி நீரில் கரைத்து, டீ வடிகட்டியில் ஊற்றி, கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் போடுங்கள். அது கிடைக்காத நாளில் சந்தை இறாலைத் தோலுரித்து, கழுவி, உறையவைத்துத் துருவியில் துருவலாம். மீனின் வாய்க்குள் போகும் அளவு முக்கியம். வாய் மிகச் சிறியது.

வாரம் இரண்டு முறை ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறாலின் முட்டையைப் பொரித்துக் குஞ்சுகளைக் கொடுங்கள். ஒரு லிட்டர் நீரில் 25 முதல் 30 கிராம் கடல்மீன் உப்பைக் கரைத்து, ஒரு கிராம் முட்டை போட்டு, 28 டிகிரி வெப்பத்தில் வெளிச்சமும் பலமான காற்றும் கொடுத்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திவிட்டு பாட்டிலின் அடியில் டார்ச் காட்டினால் செம்மஞ்சள் மேகம்போலக் குஞ்சுகள் கீழே திரளும். ஓடுகள் மேலே மிதக்கும். கீழே உள்ளதை மட்டும் உறிஞ்சி எடுத்துச் சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நேரம் ஆக ஆகச் சத்து குறையும்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்று நீரில் கடினத்தன்மையும் ஃபுளோரைடும் அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குழாயில் வரும் காவிரி நீரிலும் குளோரின் இருக்கும். எதுவானாலும் ஆர்.ஓ. சுத்திகரிப்பு செய்தபின் கடல்மீன் உப்புக் கலவை போட்டு ஒரு நாள் சுழலவிடுங்கள். சமையல் உப்பும் உப்பளத்து உப்பும் ஆகாது. உப்பு கலந்த நீரின் ஒப்படர்த்தி 1.025 இருக்கட்டும். கோடையில் தொட்டி நீர் வேகமாக ஆவியாகும். ஆனால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்ட, உப்பு கலக்காத ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்ற வேண்டும். வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் நிற்கட்டும். 29ஐத் தாண்டினால் நீர்மட்டத்தின் மேல் சின்ன மின்விசிறியைத் திருப்பிவையுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

நீங்கள் மா விவசாயி என்பதால் ஓர் எச்சரிக்கை. தோப்பில் தாமிர மருந்து அடித்துவிட்டு, புழு மனையில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, அதே கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். தாமிரம் தொட்டியிலுள்ள இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். ராஸும் அதைத் தாங்காது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, நன்றாக நீரில் அலசிவிட்டு, நீளக் கையுறை அணிந்துகொண்டு வேலை செய்யுங்கள். தொட்டிப் பக்கத்தில் கொசு மருந்து தெளிப்பதும் வேண்டாம்.

பாறைக்காக யாராவது கடலிலிருந்து எடுத்த பவளப்பாறை தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பாறை உருவாக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. வார்த்தெடுத்த செயற்கைப் பாறையே போதும். இடுக்குகள் நிறைய இருந்தால் சரி.

அடுத்த ஃபேரி ராஸை இப்போதே வாங்க வேண்டாம். வலை கட்டி, மணல் பாத்திரம் வைத்து, மஞ்சள் மீன் தினமும் வெளியே வந்து தின்னும்வரை பொறுங்கள். பிறகு கடைக்குப் போய், உங்கள் கண்முன் அந்த மீனுக்கு உறைந்த உணவு போடச் சொல்லுங்கள். பாய்ந்து கொத்தினால் எடுங்கள். வயிறு உள்வாங்கி, முதுகின் இருபுறமும் ஒட்டிப்போயிருந்தால் எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். ஃபேரி ராஸ் பெண்ணாக வளர்ந்து, கூட்டத்தில் வலுத்தது ஆணாக மாறும் இனம். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட வேண்டாம், ஒன்று போதும்.

இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, காலையில் விளக்கு போட்ட முதல் ஒரு மணி நேரம் தொட்டிக்கு எதிரே அசையாமல் உட்காரச் சொல்லுங்கள் மகளை. மஞ்சள் ராஸ் மணலிலிருந்து மூக்கை நீட்டும் நேரம் அது.