85 சதவீதம் போதுமா?

கேள்வி: பயனரை உள்ளே விடலாமா என்று முடிவெடுக்கும் ஃபங்ஷன் ஒன்று எங்கள் புரோகிராமில் 400 வரிக்கு வளர்ந்து கிடக்கிறது. அது வேலை செய்யும் விதம் மாறாமல் பிரித்துச் சீராக எழுத, அதாவது ரீஃபாக்டர் செய்ய, நினைக்கிறேன். டெஸ்ட் கவரேஜ் 85 சதவீதம். தைரியமாகக் கை வைக்கலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து என்னால் 'சரி' சொல்ல முடியாது. டெஸ்ட் நடக்கும்போது எந்தெந்த வரிகள் ஓடின என்பதைத்தான் கவரேஜ் காட்டும். வந்த விடையை யாராவது சரிபார்த்தார்களா என்பது அதில் தெரியாது. நான் இதில் பட்டிருக்கிறேன். கவரேஜ் 90-ஐத் தாண்டிய ஒரு ஃபைலைப் பிரித்து எழுதினேன். எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது பாஸ். ரிலீஸான மறுநாளே கணக்கு தப்பாக வருகிறது என்று புகார். திறந்து பார்த்தால் பாதி டெஸ்டுகளில் அசெர்ட்டே, அதாவது விடையைச் சரிபார்க்கும் வரியே, இல்லை. ஃபங்ஷனைக் கூப்பிடுகின்றன, அதோடு சரி.

அதிலிருந்து, ரீஃபாக்டருக்கு முன்னால், டெஸ்டுகள் கண்டுபிடிக்கின்றனவா என்று அறிய, புரோகிராமை நானே கெடுத்துப் பார்க்கிறேன். 'தவறான பாஸ்வேர்ட் 5 முறையோ அதற்கு மேலோ வந்தால் கணக்கைப் பூட்டு' என்று உங்கள் ஃபங்ஷனில் ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் >= என்பதை > ஆக்குங்கள். இனி 5-வது முறை கணக்கு பூட்டாது. ஆனால் உங்கள் டெஸ்டுகள் 2 முறை, 10 முறை என இரண்டை மட்டும் பார்த்தால், இரண்டும் பச்சையாகவே இருக்கும். அந்த வரிக்குக் கவரேஜும் முழுசாக இருக்கும்! இப்படிக் கெடுத்துப் பார்ப்பதற்கு மியூட்டேஷன் டெஸ்டிங் என்று பெயர். 1970-களிலேயே வந்த யோசனை. ஜாவாவுக்குப் பிட், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஸ்ட்ரைக்கர் என்று கருவிகள் உண்டு. சில மாற்றங்கள் நடத்தையை மாற்றவே மாற்றாது என்பதால், எத்தனை சதவீத மாற்றங்களை டெஸ்டுகள் பிடித்தன என்று இந்தக் கருவிகள் தரும் மதிப்பெண்ணில் 100-ஐத் துரத்த வேண்டாம்.

'உள்ளே இருக்கும் இந்த ஃபங்ஷன் ஒருமுறை கூப்பிடப்பட்டதா' என்று மாக் (நிஜ ஃபங்ஷனுக்குப் பதிலாக நிற்கும் போலி) வைத்துப் பார்க்கும் டெஸ்டுகளை நம்பி இறங்காதீர்கள். விடை சரியாக வந்தாலும், நீங்கள் பிரித்த மாத்திரத்தில் அவை உடையும்.

கெடுத்தும் எந்த டெஸ்டும் சிவக்காமல் ஓட்டை தெரியும் இடத்தில், புரோகிராம் இன்று என்ன விடை தருகிறதோ அதையே எதிர்பார்த்து டெஸ்ட் எழுதுங்கள். அந்த விடை தப்பு என்று பட்டாலும் இப்போது தொட வேண்டாம். திருத்தத்துக்குத் தனி கமிட் போடுங்கள், அதாவது அதைத் தனி மாற்றமாகப் பதிவு செய்யுங்கள்.

அப்புறம், 400 வரியையும் ஒரே மூச்சில் பிரிக்க வேண்டாம். முதலில் கணக்கைப் பூட்டும் பகுதியை மட்டும் எடுங்கள். அதில் ஐந்தாறு இடங்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு டெஸ்டாவது சிவந்தால், அந்தப் பகுதியில் தாராளமாகக் கை வைக்கலாம்.