யார் நீண்ட மெடிக்கல் லீவில் போவார் என்று முன்கூட்டியே தெரியுமா? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: ஊழியர்களில் யாருக்கு நீண்ட மருத்துவ விடுப்பு எடுக்கும் நிலை வரும் என்று கணிக்க முடியுமா, கணித்தால் அதை வைத்து என்ன செய்வது. தொழில்நல மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் எச்.ஆரில் இருக்கிறேன். லீவுப் பதிவை வைத்து எல்லோருக்கும் பிராட்ஃபோர்ட் மதிப்பெண் போடுகிறோம். மதிப்பெண் அதிகமாக இருப்பவர்கள்தான் பின்னால் நீண்ட லீவில் போவார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்தக் கணக்கு அதற்காக வந்ததே இல்லை. ஒரு வருடத்தில் எத்தனை தடவை லீவு எடுத்தார் என்பதை அதே எண்ணால் பெருக்கி, அதை மொத்த லீவு நாட்களாலும் பெருக்குகிறீர்கள். ஒவ்வொரு நாளாகப் பத்துத் தடவை எடுத்தவருக்கு 10×10×10, அதாவது 1000. சேர்ந்தாற்போல் பத்து நாள் எடுத்தவருக்கு வெறும் 10. அறுவை சிகிச்சைக்காகவோ மனச்சோர்வுக்காகவோ தொடர்ந்து 60 நாள் வராதவருக்கும் 60தான் வரும். அதிக கவனம் தேவைப்படுபவர் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

ஆனால் முந்தைய லீவுப் பதிவு பயனில்லாதது என்று நான் சொல்லவில்லை. பின்னால் வரும் நீண்ட விடுப்பைக் கணிப்பதில் அது மிக வலுவான குறிகளில் ஒன்று. அந்தப் பெருக்கல் கணக்கைப் போடாமல் பதிவை அப்படியே பாருங்கள், முக்கியமாக ஒருவருடைய வழக்கமான போக்கு எப்போது மாறியது என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. மதிப்பெண்ணுக்குப் பயந்து ஜுரத்தோடும் வலியோடும் வேலைக்கு வருபவர்கள் இருப்பார்கள். டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், உடம்பு முடியாமல் அடிக்கடி வேலைக்கு வந்தவர்கள்தான் பிற்பாடு அதிகமாக விடுப்பு எடுத்தார்கள். வருகைப் பதிவேடு சுத்தமாக இருக்கிறது என்பதாலேயே ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை.

கேள்வி: அப்படியானால் எந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்துவது?

பலரும் பயன்படுத்துவது, 1980களில் பின்லாந்து தொழில்நல நிறுவனம் உருவாக்கிய வேலைத்திறன் குறியீடு. 7 முதல் 49 வரை மதிப்பெண். 27 வரை மோசம், 28 முதல் 36 வரை நடுத்தரம், 37 முதல் 43 வரை நன்று, அதற்கு மேல் மிக நன்று. முழுவதையும் நிரப்ப நேரமில்லை என்றால் அதன் முதல் கேள்வியை மட்டும் கேட்கலாம்: உங்கள் வாழ்நாளில் வேலைத்திறன் உச்சத்தில் இருந்த காலத்துக்குப் பத்து மதிப்பெண் என்றால், இப்போது எத்தனை கொடுப்பீர்கள்? இந்த ஒற்றைக் கேள்வி வியக்கும் அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது. "பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியும் அப்படித்தான். மனிதர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றித் தெரியும், கேட்கத்தான் ஆள் இல்லை. இவற்றோடு தூக்கம், மனச்சோர்வு, நாள்பட்ட நோய்கள், புகைப்பழக்கம், நைட் ஷிஃப்ட் ஆகியவற்றையும் சேர்த்தால் கணிப்பு இன்னும் கொஞ்சம் கூர்மையாகும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: 'நீண்ட' விடுப்பு என்றால் எத்தனை நாள்? பிரிட்டனில் பொதுவாக நான்கு வாரம். பின்லாந்து ஆய்வுகள் சிலவற்றில் 90 நாள். இதைத் தீர்மானிக்காமல் இரண்டு இடத்து எண்களை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

கேள்வி: எங்கள் டேட்டா குழு ஒரு மாடல் செய்திருக்கிறது, ஏயூசி 0.75. ஆபத்தில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை நிர்வாகம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். காரணத்தை நிர்வாகத்திடம் எண்களாலேயே காட்டலாம். ஏயூசி என்பது போகப்போகிறவரையும் போகாதவரையும் மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதன் அளவு: 0.5 என்றால் காசைச் சுண்டிப் பார்ப்பது, 1 என்றால் பிழையே இல்லாதது. 0.75 என்பது, பின்னால் நீண்ட லீவில் போன ஒருவரையும் போகாத ஒருவரையும் பக்கத்தில் வைத்தால், நாலில் மூன்று தடவை போனவருக்கே அதிக மதிப்பெண் தந்திருக்கும் என்பது. இந்தத் துறையில் அது நல்ல மாடல்தான்.

இப்போது ஒரு கணக்கு. 1000 ஊழியர்கள், அவர்களில் 50 பேர் வரும் வருடத்தில் நீண்ட லீவில் போகப்போகிறார்கள் என்று வையுங்கள். உங்கள் மாடல் போகப்போகிறவர்களில் 70 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கிறது, போகாதவர்களில் 70 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது. 50இல் 35 பேர் பட்டியலில் வந்துவிடுவார்கள். மீதி 950 பேரில் 30 சதவீதம், அதாவது 285 பேரும் அதே பட்டியலில் வந்துவிடுவார்கள்! ஆக 320 பெயர்கள், அதில் உண்மையில் போகப்போகிறவர் ஒன்பது பேருக்கு ஒருவர்தான். மற்ற எட்டுப் பேருக்கும் பதவி உயர்வின்போதும் ஆட்குறைப்பின்போதும் அந்தப் பட்டியல் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பிடிபடாமல் போன 15 பேருக்கு "பிரச்சினை இல்லை" என்ற முத்திரை வேறு.

அதே மாடலைப் பிரிவு வாரியாகப் பயன்படுத்துங்கள். எந்தப் பிரிவில் சராசரி ஏறுகிறது, அங்கே வேலைப்பளு என்ன, தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் ஊழியருக்கு எவ்வளவு சொந்த முடிவு இருக்கிறது என்று பாருங்கள். பளு அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு, இந்தச் சேர்க்கைதான் மனிதரை உடைக்கிறது என்று சமூகவியல் ஆய்வாளர் ராபர்ட் காராசெக் 1979இலேயே எழுதினார். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள பிரிவின் எண்ணை வெளியே காட்ட வேண்டாம், யாருடையது என்று எளிதில் தெரிந்துவிடும்.

தனிநபர் முடிவு தொழில்நல மருத்துவரிடம் மட்டும் போகட்டும். நெதர்லாந்தில் அலுவலக ஊழியர்களிடம் நடந்த ஒரு சோதனையில், ஆபத்து அதிகம் என்று கேள்வித்தாளில் தெரிந்தவர்களை லீவு போடும் முன்பே மருத்துவரோடு பேச அழைத்தார்கள். அடுத்த ஒரு வருடத்தில், அழைக்கப்படாத குழுவைவிட அவர்களுடைய விடுப்பு நாட்கள் குறைந்தன. பயன் தந்தது அந்தச் சந்திப்பு.

கேள்வி: டாக்டர், பெயர் எழுதி நிரப்பச் சொல்லி ஒரு உடல்நலக் கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். உண்மையை எழுதினால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. நிரப்பும் முன் எழுத்தில் கேளுங்கள்: என் பதிலை யார் படிப்பார்கள், எத்தனை காலம் வைத்திருப்பார்கள், நிரப்ப மறுத்தால் என்ன ஆகும்? என் மேலாளரோ எச்.ஆரோ படிப்பார்கள் என்று பதில் வந்தால், உங்கள் சங்கத்திடமோ தொழில்நல மருத்துவரிடமோ பேசாமல் நிரப்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் வகையில் வைக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு உடன்படிக்கை எண் 161, ஊழியர் ஏன் வேலைக்கு வரவில்லை என்று சரிபார்க்கும் வேலையைத் தொழில்நல மருத்துவக் குழுவின் மேல் முதலாளி சுமத்தக்கூடாது என்கிறது. இதை வலியுறுத்துவது உங்கள் உரிமை.

கேள்வி: முதுகுவலியால் மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் விலகியிருக்கிறது என்கிறார்கள். மாதக்கணக்கில் இழுக்குமா?

எம்.ஆர்.ஐ. படம் இதற்குப் பதில் சொல்லாது. வலியே இல்லாத பலருடைய படத்திலும் இதே மாற்றங்கள் இருக்கும். வேலைக்குத் திரும்புவதைக் கணிக்க உதவுவது வேறு: வலி வந்தால் அசையவே கூடாது என்ற பயம், தூக்கமின்மை, மனச்சோர்வு, "இனி என்னால் முடியாது" என்ற எண்ணம். ஸ்வீடனில் உருவான ஓரெப்ரோ கேள்வித்தாள் இவற்றைத்தான் கேட்கிறது. சுருக்க வடிவத்தில் பத்தே கேள்விகள், நூற்றுக்கு 50ஐத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை. உங்கள் மருத்துவரிடம் கேட்டு நிரப்பிப் பாருங்கள். பயத்தையும் தூக்கத்தையும் சரிசெய்ய முடியும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். முடிந்த அளவு நடந்துகொண்டே இருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, கால் பலவீனமானாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஐம்பது வயதைத் தாண்டியவர்கள்தானே அதிக ஆபத்து?

வயதானவர்கள் லீவு எடுக்கும் தடவைகள் குறைவு, எடுத்தால் நாட்கள் அதிகம். வயதை யாராலும் மாற்ற முடியாது, தூக்க வேண்டிய எடையை மாற்றலாம்.

கேள்வி: நான் சூப்பர்வைசர். என் குழுவில் ஒருவர் கொஞ்ச நாளாகவே ஆள் மாறிவிட்டார். எப்படிக் கேட்பது?

நோயைப் பற்றிக் கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். மற்றவர்கள் இல்லாத இடத்தில், "இரண்டு வாரமாக ஷிஃப்ட் முடியும்போது ரொம்பக் களைத்துப்போகிறீர்கள் என்று தோன்றுகிறது. இப்போது வேலையில் எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். ஏதாவது சொன்னால், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாமல் ஒரு சின்ன மாற்றத்தையாவது அந்த வாரமே செய்யுங்கள்: நைட் ஷிஃப்டிலிருந்து கொஞ்ச நாள் விலக்கு, தனியாகச் செய்யும் வேலைக்கு ஒரு துணை, இப்படி.

கேள்வி: எங்களிடம் இருபது பேர்தான். இதெல்லாம் எங்களுக்குத் தேவையா?

மதிப்பெண் தேவையில்லை, உங்களுக்கு எல்லோரையும் தெரியும். லீவில் போனவரோடு தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாள் ஆக ஆகத் திரும்பி வருவது கடினமாகிக்கொண்டே போகும். நெதர்லாந்தில் 2002 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது: ஆறாவது வாரத்துக்குள் நிலைமையை ஆராய வேண்டும், எட்டாவது வாரத்துக்குள் முதலாளியும் ஊழியரும் சேர்ந்து திரும்பி வரும் திட்டத்தை எழுத வேண்டும். உங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கால அளவை எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரத்துக்குள் போன் செய்து நலம் விசாரியுங்கள், அந்தப் போனில் "எப்போது வருவீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.